பிந்தி வந்த புள்ளி

மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது அந்தப் புள்ளி, கறுப்புத் திரையில் வெள்ளையாக, அவசரமே இல்லாமல், கீழே நா வந்து நின்றாயிற்று, பக்கத்தில் ம வந்து நின்றாயிற்று, இரண்டும் யாரையோ எதிர்பார்த்து வாசலில் நிற்பதுபோல் நிற்கின்றன, ஏட்டி, புள்ளி எங்கட்டி போச்சு என்று என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு ஜெசிந்தா சிரிக்கிறாள், தூத்துக்குடியில் மத்தியான வெயில், கல்லூரிக் கணினி அறையின் ஏசி எங்கள் இருவர் மேலும் தண்ணீர் சொட்டுகிறது, நகர்ந்து உட்காரலாம், நான் நகரவில்லை, இப்போதும் நகரவில்லை. கடைசி ஆண்டுச் செய்முறைப் பாடம் அது, ஒரு பழைய சரித்திரப் பேச்சை எடுத்துக்கொண்டு, பேசுகிற குரலுக்கு ஏற்பத் திரையில் சொற்கள் ஓடவும் வீங்கவும் உடையவும் செய்ய வேண்டும், ஆங்கிலத்தில் வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு அதற்கு, நாங்கள் ஆடும் எழுத்து என்றே சொல்லிக்கொண்டோம், ஆனால் எங்கள் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது, கொடு என்று எழுதி அசையச் சொன்னால் கொம்பு ஒரு மூலைக்கும் கால் ஒரு மூலைக்கும் பிய்த்துக்கொண்டு போகும், நடுவில் க மட்டும் திருதிருவென்று விழிக்கும், மெய்யெழுத்தின் புள்ளியோ எல்லாம் வந்து முடிந்த பிறகு சாவகாசமாக வந்து சேரும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது முத்துப்பேச்சி என்ற உப்பளத் தொழிலாளியின் பேச்சு, வெள்ளைக்காரன் காலத்தில் உப்பளத்து முதலாளிகளின் எதிரே நின்று பேசியது, குரல் பதிவெல்லாம் கிடையாது, பழைய பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கம் அச்சாகியிருந்தது, அதனால் ஜெசிந்தா வாசிக்க வேண்டும், நான் எழுத்தை ஆட்ட வேண்டும் என்று பிரித்துக்கொண்டோம், நாங்கள் கேட்பது நிழல், நாங்கள் கேட்பது குடிக்கத் தண்ணீர், நாங்கள் கேட்பது பிள்ளைகளைக் கிடத்த ஓர் ஓலைக் கொட்டகை என்று பேச்சு முழுக்க நாங்கள், நாங்கள் என்றே போகும், முதலாளிகள் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம், நடுவே கோடு கிழித்த மாதிரி, கடைசி வரியில் அந்தக் கோட்டை முத்துப்பேச்சியே அழித்துவிடுகிறாள், ஐயாமாரே, நாம் தின்பது ஒரே உப்பு, அவ்வளவுதான், எனக்கு அந்த நாம் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. ஜெசிந்தாவுக்கோ அது வாயில் வரவில்லை, வந்த வேகத்தில் நாங்கள் தின்பது ஒரே உப்பு என்றே வாசிக்கிறாள், இல்லட்டி, நாம் என்கிறேன், அதத்தான சொன்னேன் என்கிறாள், நீ நாங்கள்னு சொன்ன, ரெண்டும் ஒண்ணுதானட்டி, ஒண்ணா, நாங்கன்னா மொதலாளிமாரு வெளிய நிக்காவ, நாமன்னா உள்ள வந்துருதாவ, நீ தமிழ் டீச்சரா போயிருக்கணும்ட்டி என்று மறுபடி வாசிக்கிறாள், மறுபடி நாங்கள், நான் தலையில் கைவைத்துக்கொள்கிறேன், சரி தாயே, நாம, போதுமாட்டி என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள், மைக் அதையும் பிடித்துக்கொண்டது, வெட்டி எறிய வேண்டிய துண்டு, நான் எறியவில்லை. அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, சிநேகிதி என்ற சொல் போதாத அளவுக்கு, படிப்பு முடிந்ததும் இருவரும் சென்னைக்குப் போய் ஒரே அறையில் தங்கி இதே வேலையைப் பார்க்க வேண்டும், வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை எனக்கு, வாட்டி, நாம போவோம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானாகக் கேட்கலாம்தான், கேட்டால் சிரிப்பாள், அந்தச் சிரிப்புக்குச் சரி என்று அர்த்தமா போடி என்று அர்த்தமா, எனக்கு என்றைக்குமே விளங்கியதில்லை.

திரையிட்ட அன்று அரங்கம் நிறையக் கூட்டம், கடைசி வரிக்கு எல்லாம் இருண்டு நா வருகிறது, ம வருகிறது, புள்ளி வரவில்லை, நான் எவ்வளவு மல்லுக்கட்டியும் சரிசெய்ய முடியாத பிழை அது, ஒற்று எங்கம்மா காணோம் என்று முன்வரிசையிலிருந்து துறைத் தலைவரின் குரல், நாம் என்று வர வேண்டிய இடத்தில் நாம என்று நிற்கிறது, ஜெசிந்தா பேசுகிற மாதிரியே, இருட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், இறுக்கமாக, வியர்வையோடு, இந்தப் புள்ளி வராமலே போகட்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன், அது வந்துவிடுகிறது, ம தலையில் போய் உட்காருகிறது, கைதட்டுவதற்காக அவள் கையை எடுத்துக்கொள்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருகிறோம், அவள் மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை என் வாயில் திணிக்கிறாள், ஏட்டி, உங்கிட்ட சொல்லவே இல்லல்லா, அப்பா விசா எடுத்துட்டாவ, நாங்க அடுத்த மாசம் பஹ்ரைன் போறோம்ட்டி என்கிறாள். நாங்க. அந்த ஒரு தடவை அவள் வாய் தவறவில்லை. வாயில் மக்ரூன் கரைந்துகொண்டிருந்தது, முத்துப்பேச்சி முதலாளிமாருக்கே ஒரு நாம் கொடுத்தாளே என்று மட்டும் நினைத்தேன், அப்போது வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சென்னைக்கு நான் தனியாக வந்தேன், வடபழனியில் அறை, கல்யாண வீடியோ அழைப்பிதழ்களுக்கு மணமகன் பேரையும் மணமகள் பேரையும் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன், யாராவது கேட்டால் கல்லூரிக் கதையைச் சொல்கிறேன், நாங்கள் செய்தோம், நாங்கள் சிரித்தோம் என்று, நாம் என்று சொல்வதற்கு அவள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று காலை பஹ்ரைனிலிருந்து ஒரு செய்தி, ஏட்டி, அந்த உப்பு வீடியோ இருக்கா, எம் மகளுக்குக் காட்டணும். வீடியோ இல்லை, அதைச் செய்த பழைய கோப்பைத் தேடிப் பிடித்துத் திறக்கிறேன், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, கொம்பு கொம்பின் இடத்தில், கால் காலின் இடத்தில், இத்தனை வருஷத்தில் மென்பொருள் தமிழ் படித்துவிட்டிருக்கிறது, நாம் என்ற சொல் புள்ளியோடு பளிச்சென்று ஒரே மூச்சில் வந்து நிற்கிறது, அவள் என் கையைப் பிடித்திருந்த அந்த இடைவெளி இல்லை, துடைத்த மாதிரி இல்லை. இதை எப்படி அனுப்புவேன். புள்ளியைப் பிரித்துத் தனியே எடுக்கிறேன், திரையின் உச்சிக்குக் கொண்டுபோகிறேன், வெட்டாமல் வைத்திருந்த அந்தத் துண்டுக் குரலைக் கீழே சேர்க்கிறேன், நா வருகிறது, ம வருகிறது, சரி தாயே, நாம, போதுமாட்டி என்று ஜெசிந்தா சிரிக்கிறாள், வெள்ளைப் புள்ளி அந்த இரண்டெழுத்தின் தலைக்கு மேல் அப்படியே நிற்கிறது, இறக்க மனம் வரவில்லை எனக்கு, போதாதுட்டி என்கிறேன்.