எருமை ஏகாம்பரத்தின் வாசகர்கள்

வசுந்தரா கிள்ளானிலிருந்து இருபது குட்டி பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காரில் திணித்துக்கொண்டு வந்தது வீண். பிரிக்பீல்ட்ஸ் மாடி ஹாலில் புத்தக வெளியீட்டுக்கு வந்து அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். முழங்கால் முகவாயை இடிக்க, தொப்பையை மடியில் இறக்கிவைத்து, அவள் குழந்தைகளுக்காக வரைந்த ‘எருமை ஏகாம்பரம்’ சித்திரக்கதையின் நான்காம் புத்தகத்தைக் கண்ணாடித்தாள் உறை கசங்காமல் ஏந்திக்கொண்டிருந்தார்கள்.

பதிப்பாளர் சபாபதி காலையிலேயே சொல்லிவிட்டார். “இன்னிக்கும் பிள்ளைங்க யாரும் ரசிக்கலன்னா, அடுத்த புக்குல ஏகாம்பரத்துக்குக் கல்யாணம் பண்ணி டிவோர்ஸ் குடுத்திருவோம் லா. பெரியவங்கதானே வாங்குறாங்க.” மூன்று புத்தகம் போட்டும் ஒரு பிள்ளை சிரித்து வசுந்தரா பார்த்ததில்லை.

கேள்வி நேரத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சண்முகரத்தினம் தொண்டையைச் செருமினார். “பன்னிரண்டாம் பக்கத்தில எருமை குசு விடுறது, அதிகாரத்துக்கு எதிரான குரல்தானே?”

அரங்கமே தலையாட்டியது.

“இல்ல சார், வயித்துல காத்து,” என்றாள். அதையும் ஒருவர் குறித்துக்கொண்டார்.

கையெழுத்து வரிசையில் முதல் ஆள் கிரிதரன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஏழு வயது மகள் மலரையும் இழுத்து வந்திருந்தார்.

“மேடம், பேரு போடாதீங்க, சைன் மட்டும். பேரு போட்டா பின்னால விக்க முடியாது.”

“பாப்பா படிச்சாச்சா?”

“அவ கையில குடுப்பேனா? மடிச்சிருவா.”

வசுந்தராவுக்குச் சுர்ரென்று ஏறியது. உறையைப் பல்லால் கிழித்து, புத்தகத்தை மலரிடம் நீட்டினாள். கிரிதரனின் முகம் பேயறைந்தது போலானது.

மலர் கறிபாப் பலகாரத்தை மென்றுகொண்டே, எண்ணெய்க் கையோடு புரட்டினாள். சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

“ஆன்டி, எருமை இவ்ளோ பெருசு. குசு மட்டும் ஏன் இவ்ளோ சின்னது?”

வசுந்தரா எட்டிப் பார்த்தாள். கட்டத்தின் மூலையில் பொடி எழுத்தில், ரொம்ப மரியாதையாக, ‘புஸ்’. பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே என்று அவளே அடக்கி வாசித்தது. வெட்கமாகிவிட்டது. மார்க்கரை எடுத்து அந்தப் பக்கத்தின் மூன்று கட்டங்களையும் அடைத்து ‘டர்ர்ர்ர்’ என்று எழுதினாள்.

மலர் வெடித்துச் சிரித்தாள். மூக்கில் கறிபாப் ஏறித் தும்மி, மறுபடி சிரித்தாள். வசுந்தராவின் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் சபாபதியும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

“பத்தல ஆன்டி. நீங்க தள்ளுங்க,” என்று மார்க்கரைப் பிடுங்கினாள் மலர். கட்டம், ஓரம், எதிர்ப்பக்கம் எல்லாவற்றையும் டர்ரால் நிரப்பி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அடுத்தது யாரு?”

வரிசையில் நின்ற அங்கிள்கள் புத்தகங்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.