பச்சை விளக்கு இல்லாத அறை

நாற்பத்தொரு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். முதலில் படித்தது நான் சுமை தூக்குகிற இரும்புக் கிடங்கின் பின்னறைக் கதவை. பத்தொன்பது வருடமாக மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான் தூங்கி எழுகிற அறை அது. 'அபாயம், உள்ளே வராதே' என்று எழுதியிருந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படிச்சதுலேர்ந்து தூக்கமே வரல."

அவளுக்குப் புரையேறிவிட்டது. காபிக் கடையில் கோப்பை கழுவுகிறவள் அவள். அந்தக் கடை மாடியில் ஞாயிறு சாயங்காலம் யார் வேண்டுமானாலும் மைக் பிடித்துச் சிரிக்க வைக்கலாமாம். "நீங்க போய்ச் சொல்லுங்க. நாலு பேரு கேக்கட்டும்" என்றாள்.

எனக்கும் அதுதான் ஆசை. கிடங்கில் 'தூக்கு', 'இறக்கு' தவிர என்னிடம் யாரும் எதுவும் பேசியதில்லை. நான் பேசி யாரும் கேட்டதுமில்லை.

"அஞ்சு நிமிஷம்தாண்ணே" என்றார் கடை முதலாளி. "பக்கச் சுவத்துல சிவப்பு லைட் போட்டா நிறுத்திடணும். ஜனம் சிரிச்சா சனிக்கிழமை ஷோவுல உங்களுக்கும் இடம்."

மைக்கைப் பிடித்தேன். நாலு நிமிடம் எவரும் சிரிக்கவில்லை. ஒருவர் ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தார். சரி, கதவுக் கதையை எடுப்போம் என்று கையை உயர்த்தினேன்.

"அந்தக் கதவுல என்ன எழுதியிருந்துச்சுன்னா…"

சிவப்பு விளக்கு எரிந்தது.

கிடங்கில் சிவப்பு எரிந்தால் தலைக்கு மேல் கிரேன் வருகிறது என்று அர்த்தம். கை கால் எப்படி இருக்கிறதோ அப்படியே நிற்க வேண்டும். பச்சை வந்தால்தான் அசையலாம். நின்றுவிட்டேன். தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி. முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு அறையே சிரித்தது. நான் பச்சைக்காகக் காத்திருந்தேன். அந்த அறையில் பச்சை விளக்கே இல்லை. முதலாளிதான் வந்து கையைப் பிடித்து இறக்கினார்.

"பிரமாதம்ணே! சனிக்கிழமை வந்துடுங்க. அந்தச் சிலை மாதிரி நிக்கறதை மட்டும் விட்டுடாதீங்க."

"கதவுக் கதை இன்னும் முடியலையே?"

"எந்தக் கதவு?"

வீடு திரும்பும்போது மனைவி சொன்னாள்: "சனிக்கிழமை முன்வரிசையில உக்காருறேன். லைட்டைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. சொல்லி முடிச்சுட்டு அப்புறம் நில்லுங்க."

ஆறு நாளும் இரும்பு சுமந்தபடியே சொல்லிப் பார்த்தேன்.

சனிக்கிழமை நாற்காலிகள் நிறைந்திருந்தன. நான் அவளையே பார்த்துப் பேசினேன். கதவுக்கு வந்தேன். கை உயர்ந்தது. "அந்தக் கதவுல என்ன எழுதியிருந்துச்சுன்னா…"

அவள் முகம் சிவந்தது. விளக்கின் வெளிச்சம்.

பேசுடா என்று எனக்கு நானே சொன்னேன். நாக்கு கேட்கவில்லை. கால் கேட்கவில்லை. ஜனம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்காமல், 'அபாயம், அபாயம்' என்று உதட்டை அசைத்து எனக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.