தலை பெயர்ந்த முனி

தங்கச்சி லோஷினியின் பள்ளியில் படிவம் இரண்டு வகுப்பு மாணவர்களை லாபிஸ் பக்கம் ஓர் ஓடைக்குப் பாறைகள் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பெரியவர் உடன் வரவேண்டும். தெப்ராவ் தொழிற்சாலையில் இரவு வேலையை முடித்து, சீருடையோடு பஸ் ஏறினேன். படிவம் நான்கில் படிப்பை விட்ட பிறகு பள்ளி பஸ்ஸில் ஏறியது அன்றுதான்.

அம்மாவுக்காகத்தான் போனேன். வரும் புதன்கிழமை அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. அவர் பிறந்த தோட்டம் அந்த ஓடையை ஒட்டித்தான் இருந்தது. தொழிலாளர் லயங்கள் போய் இப்போது முழுக்கச் செம்பனை. காவல் தெய்வம் முனி என்று கும்பிட்ட கறுப்புக் கல் மட்டும் கரையில் மிச்சம்.

“முனிகிட்ட சூடம் ஏத்திச் சொல்லாம நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்,” என்று அம்மா சூடத்தை என்னிடம் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சிக்கு அந்தக் கல்லக் காட்டாத. வயசுக்கு வந்த பிள்ள, முனி பக்கம் போகக்கூடாது.”

அதனால் லோஷினியிடம் எதுவும் சொல்லவில்லை.

ஓடையில் ஷாந்தினி டீச்சர் குழுவுக்கு ஒரு சுத்தியல் கொடுத்தார். “வெளிய இருக்கிற பாசிய நம்பாதீங்க. உடைச்சுப் பார்த்தாதான் என்ன கல்லுனு தெரியும்.”

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் சூடம் ஏற்றிவிடலாம் என்று செம்பனை நிழலில் உட்கார்ந்தேன்.

“அண்ணா, குறட்டை விட்டு மானத்த வாங்காத லா,” என்றாள் லோஷினி.

“விடு லா,” என்றான் அவள் குழுவிலிருந்த ரூபேந்திரன். “அந்தச் சத்தத்துக்குப் புலிகூட வராது.”

தூங்கிவிட்டேன்.

கைத்தட்டல் கேட்டு விழித்தேன். லோஷினி கரையில் சுத்தியலோடு நின்றாள். முழங்கால் உயரக் கல்லின் மேல்பகுதி, பழைய விரிசலோடு பெயர்ந்து அவள் காலடியில் கிடந்தது. குங்குமம் எத்தனையோ மழைக்கு முன்பே போயிருக்கும். கல்லின் பின்னால், மண்ணுக்குள் துருப்பிடித்த சூலத்தின் முனை தெரிந்தது.

“எரிமலைக் கல்!” என்றார் டீச்சர். “இன்னிக்குக் கிடைச்சதுல இதுதான் நல்ல மாதிரி.”

லோஷினி என் முகத்தைப் பார்த்தாள். “என்னண்ணா?”

“அது முனி. அம்மா கும்பிடுற கல்லு.”

சுத்தியல் கீழே விழுந்தது. “நீ ஏன் சொல்லல?”

தலையில்லாத கல்லின் முன் சூடத்தை ஏற்றினேன். டீச்சர் மற்றப் பிள்ளைகளை அப்பால் கூட்டிப்போனார்.

பஸ்ஸில், ஏற்றியாச்சு என்று மட்டும் அம்மாவிடம் சொல்வோம் என்றேன். லோஷினி தலையாட்டவில்லை. உடைந்த துண்டு அவள் பைக்குள் இருந்தது.

ஸ்கூடாயில் எங்கள் வீட்டில் அம்மா வாசலிலேயே கேட்டார். “ஏத்தினியா?”

“ஏத்தினேன்.”

“கல்லு நல்லா இருக்கா?”

“இருக்கு.”

லோஷினி துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். “நான்தாம்மா ஒடைச்சேன். தெரியாது.”

அம்மா அடிக்கவில்லை, அழவில்லை. உடைந்த பக்கத்தை விரலால் தடவினார்.

“உள்ள இவ்வளவுதானா?”

“ஆமாம்மா. சின்னச் சின்ன ஓட்டை. வேற ஒண்ணுமில்ல.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “புதன்கிழமை வேணாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிடு. மொதல்ல நான் அங்க போகணும்.”

எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்த தேதி நான்கு மாதம் தள்ளித்தான் கிடைத்தது.

மறுவாரம் கூட்டிப்போனேன். காரிலிருந்து ஓடைக்கு நடப்பதற்குள் அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்தார். தூரத்திலேயே நின்றுவிட்ட லோஷினியை, “நீயும் வா,” என்றார். துண்டை அவள் கையாலேயே வைக்கச் சொன்னார்.

சரியாகப் பொருந்தவில்லை. கட்டைவிரல் அளவு சில்லு எங்கோ தெறித்துப் போயிருந்தது. அந்த இடத்தில் அம்மா மஞ்சளைக் குழைத்து அப்பினார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கும்பிட்டார்.

இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. காலையில் வேலை முடிந்து வந்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன் அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்கிறேன்.