சிலுப்பாத ஆடு

கரும்பலகையில் ‘ஸ்கேப்கோட்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோதுதான் மாடிப்படியில் அந்த அலறல் கேட்டது. இடைவேளையில் படிக்கட்டருகே நிற்பது அன்று என் முறை. நான் நிற்கவில்லை. தினம் ஓர் ஆங்கில மரபுத்தொடர், அது பிறந்த கதை என்று ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வது என் பெருமை. செங்கத்திலிருந்து பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறி, ஜமுனாமரத்தூரின் இந்தத் தனியார் பள்ளிக்கு வந்துபோகிறவனுக்கு வேறென்ன பெருமை இருக்கிறது? முந்தைய நாள், வாளியை உதைப்பது என்றால் ஆங்கிலத்தில் செத்துப்போவது என்றதும் வகுப்பே சிரித்தது.

‘ஸ்கேப்கோட்’ என்கிற அந்த ஆட்டுக் கதையை முதலில் கேட்டவள் பள்ளி ஆயா அம்மாக்கண்ணு. யூதர்கள் அந்தக் காலத்தில் ஊர்ப் பாவத்தையெல்லாம் ஓர் ஆட்டின் தலையில் இறக்கி, அதை வனாந்தரத்துக்கு விரட்டிவிடுவார்கள் என்று முந்தைய நாள் சாயங்காலம் அவளிடம் அளந்துகொண்டிருந்தேன். பிறர் தப்பைச் சுமக்கிறவனுக்கு அந்தப் பெயர் அப்படி வந்தது என்றேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தாள்.

“எங்க மலையில ஆட்டைக் கேக்காம வெட்ட மாட்டோம் சார். மஞ்சத் தண்ணி ஊத்துவோம். தலையைச் சிலுப்புச்சுன்னா ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம்.”

“சிலுப்பலன்னா இன்னா பண்ணுவீங்க?”

“சிலுப்புற வரைக்கும் ஊத்துவோம்.”

மாடிப்படியில் விழுந்தவள் ஆறாம் வகுப்பு ஆனந்தி. இடது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து தொங்கியது. அந்தப் படிக்குக் கைப்பிடி கிடையாது. வைக்கச் சொல்லி நாங்கள் மூன்று முறை கேட்டாயிற்று. குழந்தையை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, தாளாளர் புருஷோத்தமன் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“படியாண்ட யார் டூட்டி?”

“ஆயா தண்ணி போட்டுத் தொடச்சிருக்காங்க சார். ஈரத்துல வழுக்கிடுச்சு.”

படி காய்ந்துதான் கிடந்தது. அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். கைப்பிடி வைக்காத தப்புக்கும் சேர்த்துத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது அவருக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதி இருந்தது, அதுதான் உண்மை.

அம்மாக்கண்ணுவை வரவழைத்து, “ஒத்துக்கினு வேலையை வுட்டு நின்னுடு. உன் பொண்ணு படிப்புல கை வெக்க மாட்டேன்” என்றார். மகள் செவ்வந்தி என் வகுப்பில்தான், ஆயா மகள் என்பதால் ஃபீஸ் இல்லாமல் படிக்கிறாள். கேட்ட கேள்விக்கு முதலில் கை தூக்குகிற பெண். அம்மாக்கண்ணு பதில் சொல்வதற்குள் ஆனந்தியின் அப்பா ராஜவேலு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தாளாளர் அவரை உட்காரவைத்து, கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்து, படி ஈரமாக இருந்த கதையை அழகாகச் சொன்னார்.

“நாலு மணிக்கு மேலதான் சார் நான் தண்ணி போடுவேன்” என்றாள் அம்மாக்கண்ணு. என் பக்கம் திரும்பினாள். “சாருக்குத் தெரியும். சொல்லுங்க சார்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் விரல்களில் இன்னும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது.

“ஈரமாத்தான் இருந்துச்சு” என்றேன்.

ராஜவேலு டம்ளர் தண்ணீரை அப்படியே அவள் முகத்தில் வீசியடித்தார்.

தண்ணீர் நெற்றியில் இறங்கி, மூக்குத்தியில் தேங்கி, முகவாயிலிருந்து சொட்டியது. யாராக இருந்தாலும் தலையை உதறியிருப்பார்கள். கையாவது முகத்துக்குப் போயிருக்கும். அவள் அசையவில்லை. கண்ணுக்குள் தண்ணீர் போயும் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தலையைச் சிலுப்ப மாட்டாளா என்று நான் காத்திருந்தேன்.

“இன்னாடி மொறைக்கிற?” ராஜவேலுவுக்கு மூச்சு வாங்கியது. காலி டம்ளரை மேசைமேல் வைத்தார்.

“சாருக்கு இன்னொரு டம்ளர் தண்ணி குடுங்க” என்றார் புருஷோத்தமன் என்னிடம்.

நான் ஜக்கை எடுத்து, டம்ளரை விளிம்புவரை நிரப்பினேன்.