பளபளத்தா குழிக்கு

என் வீட்டுக்காரர் பிஸ்கட் கம்பெனியில பேக்கிங் மேனேஜர். என் அண்ணன் நகராட்சியில குப்பைப் பிரிவு அதிகாரி. இந்த ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுக் காலம் தள்ளுறவளுக்குச் சிலையே வைக்கலாம்.

கம்பெனிகளும் அரசாங்கமும் சேர்ந்து பிஸ்கட் உறை மாதிரி குப்பையைக் குறைக்கணும்னு ஒரு கூட்டம் நடந்துச்சு. "செய்யறது நீங்க, மாத்த வேண்டியதும் நீங்க"ன்னான் அண்ணன். "பிரிக்கிறது உங்க வேலை, அதை முதல்ல ஒழுங்கா பாருங்க"ன்னார் இவர். பொறுப்பைப் பங்கு போடப் போன மகராசனுங்க, பேச்சுவார்த்தையையே முறிச்சுக்கிட்டு வந்தாங்க.

ஆனா ரெண்டும் ரோஷக்கார ஜென்மம். இவர் மண்டைய உடைச்சுக்கிட்டு, உருக்கி மறுபடி பயன்படுத்துற மாதிரி புது உறை செஞ்சார். வாங்குறவங்க மிரளக் கூடாதுன்னு பழசு மாதிரியே பளபளன்னு செஞ்சார். அங்க அண்ணன், பழைய உறை உருகாதேன்னு, குப்பை பிரிக்கிற கொட்டகையில கண்டிப்பா சொல்லி வச்சிருந்தான்: பளபளத்தா குழிக்கு!

அப்புறம் என்ன? சோதனைக்கு விட்ட புது உறை மொத்தமும் மண்ணுக்குள்ள போச்சு. அடுத்த லோடும் தேறலன்னா பழைய உறைதான்னு முதலாளி சொல்லிட்டார். இவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன்கிட்டேருந்து போன். "உன் புருஷன் கம்பெனி இன்னும் அதே பளபளப்பைத்தான் அனுப்புது!"

"அது புதுசுண்ணா. உருகும்."

"யாரும் என்கிட்ட சொல்லலையே?"

"நீ கேட்டியா?"

மறுநாள் ரெண்டு பேரையும் கொட்டகைக்கு இழுத்துட்டுப் போனேன். எங்க கண்ணு முன்னாடியே அங்க குப்பை பிரிக்கிற அக்கா ஒரு புது உறையை எடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காம, குழிக்குப் போற கூடையில வீசினாங்க. இவர் முகம் சுண்டிப் போச்சு. அண்ணனே குனிஞ்சு அதை எடுத்தான், கசக்கிப் பார்த்தான்.

"ஓரத்துல ஒரு நீலக் கோடு அடிச்சுத் தர முடியுமா?"ன்னு உறையைப் பார்த்துக் கேட்டான்.

"அடிச்சுடலாம். இங்க இருக்கிறவங்களுக்கு யார் சொல்லித் தருவா?"ன்னு இவர் கூடையைப் பார்த்துக் கேட்டார்.

"நான் எதுக்கு இருக்கேன்?"ன்னான் அண்ணன்.

கோடு போட்ட லோடு வந்த அன்னைக்கு அண்ணன் நேரா இவருக்கே போன் பண்ணினான். "மாப்ள, தேறிடுச்சு! அத்தனையும் உருக்கப் போயிடுச்சு!"

இவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டார். அப்புறம் சிரிப்பும் கும்மாளமும்தான், என்கிட்ட போனைக் குடுத்தாத்தானே? கடைசியில அண்ணன் குரல் எனக்கே கேட்டுச்சு:

"எல்லாம் இவளால வந்தது மாப்ள. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"அதானே மச்சான்! வாயைத் திறந்தாத்தானே இவ!"

அடப்பாவிங்களா! கோபம்தான் வந்திருக்கணும். ஆனா ரெண்டும் ஒண்ணா சேர்ந்து என்னைத் திட்டுறதைக் கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.