பட்டின் பழுப்பு

தேனம்மையின் பெட்டகத்தில் ஒரு வெண்பட்டு வேட்டி இருந்தது. கல்யாணத்தன்று அழகப்பன் உடுத்தியது. தாலி கட்டிய கையோடு அவன் ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போய்விட்டான்; வட்டிக்கடையில் மூன்று வருடத் தவணைக்கு வேலை. அவிழ்த்துப் போட்ட வேட்டியைத் துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சந்தனமும் வேர்வையுமாக அப்படியே மடித்துப் பூட்டினாள். துவைக்காத பட்டு பழுத்துவிடும் என்று காரைக்குடிப் பெண்ணுக்குத் தெரியாதா? பழுத்தால் பழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று வருடத் தவணையும் அந்த வேட்டிதான் அவளுக்குப் புருஷன். ஊரையே உட்காரவைத்துச் சோறு போடலாம், அத்தனை பெரிய வீடு. அதில் அவளுக்கென்று ஓர் அறை. கதவைச் சாத்திக்கொண்டு வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். சந்தனம் மங்கிவிட்டாலும் அதற்கடியில் அவன் வாசம் இருந்தது. சில நாள் அவன் முகம்கூட நினைவில் சரியாகக் கூடிவராது. வாசம் மட்டும் அவளை ஏமாற்றியதில்லை.

தவணை முடிந்து அழகப்பனும் அதே கடையில் இருந்த அவன் அண்ணனும் கப்பலேறுவதாகச் செய்தி வந்தது. மாமியார் பிச்சையம்மாள் வேட்டியை எடுத்துவரச் சொல்லி விரித்துப் பார்த்தாள்.

"முன்னோருக்குப் படைப்புக் கும்பிடுறன்னைக்கு அழகப்பன் இதைத்தான் கட்டணும். மஞ்சள்ல முக்குனாப்புல இருக்கே ஆத்தா. வெள்ளாவியில வைக்கச் சொல்லவா?"

"வேணாம் அயித்தை. உவர்மண்ணுக்குப் பட்டு தாங்காது, இத்துப்போகும். நானே பாத்துக்கிர்றேன்."

பூவந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்தாள். வேட்டியை முக்கும் முன் கடைசியாக ஒருமுறை முகர்ந்தாள். ஆளே வரும்போது வாசம் எதற்கு என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு முக்கினாள்.

கசக்கவில்லை, முறுக்கவில்லை, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுத்தாள். கடைசி அலசலுக்கு எலுமிச்சைச் சாறு விட்டாள். துண்டில் சுருட்டி ஈரம் வாங்கி, வெயில் படாமல் இரண்டாங்கட்டு நிழலில் உலர்த்தினாள். பழுப்பு லேசில் போகவில்லை. அவளும் லேசில் விடவில்லை. மறுபடியும் மறுபடியும் அலசியதில் பட்டு சங்காக வெளுத்தது.

வண்டி வந்து வாசலில் நின்றது. மூத்தவன் ஆண்டியப்பன் மட்டும் இறங்கினான். கதவோரம் நின்ற தம்பி மனைவியைப் பார்க்காமல் தாயிடம் சொன்னான்.

"தம்பி வரலை ஆத்தா. கடைக்கு ஆளில்லைன்னு முதலாளி இன்னொரு தவணைக்கு நிறுத்திக்கிட்டாக. சொகமாத்தான் இருக்கான்."

பிச்சையம்மாள் கொஞ்சம் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது கொடியில் கிடந்த வேட்டி கண்ணில் பட்டது. மருமகளைத் தேற்ற அவளுக்கு வேறு பேச்சு அகப்படவில்லை.

"ஒரு இழை நோகாம புதுசாட்டம் ஆக்கிப்பிட்டியே. கெட்டிக்காரி."

தேனம்மை வேட்டியை அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். மடிப்பு மடிப்பாகப் பிரித்து முகர்ந்தாள். பூவந்திக்கொட்டை மணத்தது. கரையோரம் தேடினாள். இடுப்பில் செருகும் மூலையைத் தேடினாள். அங்கேயும் எலுமிச்சைதான். இனி மூன்று வருடம் எதில் முகம் புதைப்பாள்? அவள் வேலை அவ்வளவு சுத்தம்.