எட்டு கிலோவுக்குள் ஒரு நாய்

1

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. நாலு பக்கப் படிவம். மூன்றரைப் பக்கத்தை நிரப்பித்தான் அனுப்பியிருந்தார்கள்; கடைசி அரைப் பக்கம் காலி. திறந்தேன், படித்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். பிறகு பக்கத்திலேயே ஒரு புதுக் கோப்பைத் திறந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போட இதைவிடக் கௌரவமான வழி எனக்குத் தெரியாது.

முதல் தொடக்கம் இப்படி:

"எழுபத்தாறு வயதில் அவருக்கு ஒரு நாய் தேவைப்பட்டது."

பொய். அவருக்கு எங்கே தேவைப்பட்டது? மகளுக்குத்தான் தேவைப்பட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

"நாய் என்பது மனிதனின் தனிமைக்கு இயற்கை அளித்த

இதற்கு மேல் போகவில்லை. போயிருந்தால் நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் போயிருப்பீர்கள், அதில் தப்பும் இல்லை.

மூன்றாவது:

"அவர் சமையலறைத் தரையில் நாலு மணி நேரம் கிடந்தார்."

இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன். எங்கே போய்ச் சேருவேன் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

2

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டு, ஓய்வு பெற்றபின் ஒரு மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். மனைவி போனதிலிருந்து தனியாக. ஒருநாள் காலையில் அடுப்புப் பக்கம் கால் வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதில் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்தது மகள். பதினொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டாம் மாடி டீச்சரைக் கூப்பிட்டாள். டீச்சரிடம் ஒரு சாவி இருந்தது.

(முதல் வரைவில் இவரைத் தபால் ஆபீஸ் குமாஸ்தா ஆக்கியிருந்தேன், யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று. குமாஸ்தா ஆனதும் மனுஷர் வாயே திறக்கவில்லை. மூன்று பக்கம் கெஞ்சினேன். மறுபடி லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.)

மகள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவு. அவருக்கு ஒரே மகள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, கட்டிலில் படுத்திருந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்கூட வந்துருங்கப்பா."

"அங்க வந்து என்ன பண்றது?"

"இங்க இருந்து என்ன பண்றீங்க?"

"விழுந்தேன்ல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டோமே என்று அழுதாள். இந்த வீட்டின் ஒவ்வொரு சுவிட்சும் அவர் போட்டது, ஒவ்வொரு கதவும் அவர் சரிசெய்தது. இங்கிருந்து பிடுங்கி எடுத்தால் அவர் ரொம்ப நாள் தாங்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். இங்கேயே விட்டால் அடுத்த தடவை நாலு மணி நேரம் எட்டு மணி நேரம் ஆகலாம் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்ததில் ஒன்றும் புரியாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். நாய் ஒன்று வளர்க்க வேண்டும். விழுந்தால் அது நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி குரைக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பொருத்தமான நாய் கிடைத்தால் அவர் அங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு கிளம்ப வேண்டும்.

"நாய்னா எந்த நாய்?" என்று கேட்டார் அவர்.

நியாயமான கேள்வி.

3

மருந்துக்கடைக்காரி நாய் இனம் தேடினால் எப்படித் தேடுவாள்? பக்கவிளைவு பார்த்துத்தான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

லேப்ரடார்: தங்கமான குணம், ஆனால் முப்பது கிலோ. பூனையைப் பார்த்து ஒரு இழு இழுத்தால் அப்பாவும் கூடவே போவார். பீகிள்: மூக்கு போகிற பக்கம் காலும் போகும், கூப்பிட்டால் காது கேட்காது. அப்பாவுக்கும் கேட்காது. பக்: மூச்சு வாங்கும், வெயிலில் இன்னும் மோசம். டாக்ஷண்ட்: முதுகு நீளம், மாடிப்படி ஆகவே ஆகாது. ஷிட்ஸு: தினமும் முடி சீவிவிட வேண்டும். அப்பா தன் தலையைச் சீவி எத்தனை நாளாயிற்றோ. பொமரேனியன்: குரைக்கும், எல்லாவற்றுக்கும் குரைக்கும். மனிதர் விழுந்ததற்கா, பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியதற்கா என்று யார் கண்டது? காலுக்குள் புகுந்து அதுவே தள்ளிவிட்டாலும் விடும்.

குட்டியா, வளர்ந்ததா? குட்டி என்றால் செருப்பு மிஞ்சாது, ஒரு நாளைக்கு ஆறு தடவை கீழே கூட்டிப் போக வேண்டும். போதாததற்குப் பதினாலு வருடம் இருக்கும். பதினாலு என்று எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். எழுபத்தாறோடு அதைக் கூட்டிப் பார்க்க மனசு வரவில்லை.

தினமும் போனில் பட்டியலை வாசித்துக் காட்டுவாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்.

"வெயிட் எவ்வளவு?"

"குணத்தக் கேளுங்கப்பா."

"குணத்த அப்புறம் பாத்துக்கலாம். எட்டு கிலோவுக்குள்ள இருக்கணும்."

"ஏன் எட்டு?"

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா தூக்கிட்டுப் படி ஏறணுமில்ல."

"நீங்க பாத்துக்கற லிஃப்ட்டு எப்படிப்பா நிக்கும்?"

"எல்லா லிஃப்ட்டும் நிக்கும்மா. நின்னதாலதான் நீ படிச்ச."

சரி, மனிதர் விவரமாகத்தான் யோசிக்கிறார் என்று விட்டுவிட்டாள். நாலாம் நாள் டீச்சர் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உங்கப்பா மணல் மூட்டையத் தூக்கிக்கிட்டு மாடிப்படில ஏறி ஏறி இறங்கறாரு. மூணு நாளா. என்ன சார் இதுன்னா, நாய்ங்கறாரு. எனக்கு என்னமோ போல இருக்கு."

மறுபடியும் பஸ். படிக்கட்டுத் திருப்பத்தில் பழைய பையில் கட்டிய மணல் மூட்டையும் ஒரு கொக்கித் தராசும் இருந்தன. அவர் வியர்த்துப் போய்ப் படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மட்டும் பரீட்சையில் தேறிய களை.

"பன்னெண்டு கிலோம்மா. மூணு மாடி. நடுவுல ஒரே தடவதான் நின்னேன்."

திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்தபின் அவளுக்கு ஒன்று உறைத்தது. "பன்னெண்டு தூக்க முடியுதுன்னா பன்னெண்டு கிலோ நாயே பாக்கலாமேப்பா. நெறைய இருக்கு."

"இல்ல. எட்டுக்குள்ளதான். பெட்டியோட சேத்து."

"எந்தப் பெட்டி?"

"டீ போடவா?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து போய்விட்டார்.*

* அந்தப் பெட்டி எந்தப் பெட்டி என்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கும் தெரியாது. அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன். ஐயோ, அக்கா என்று எழுதிவிட்டேனே. அதற்கு ஐந்தாம் பகுதியில் வருகிறேன்.

4

நாய்க் காப்பகத்தில், வளர்த்தவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்கள் முப்பது இருந்தன. மகள் நோட்டோடு போனாள். அவர் வெறுங்கையோடு போனார்.

ஒரு பழக்கம் அவருக்கு. எந்த லிஃப்ட்டையும் கையில் வாங்குவதற்கு முன் அதை வேண்டுமென்றே கோளாறாக்கிப் பார்ப்பார். கம்பெனிக்காரன் சான்றிதழ் நீட்டினால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, இப்ப கரண்ட்ட நிறுத்து, பிரேக் பிடிக்குதா பாக்கலாம்" என்பார். அந்தப் பழக்கத்தை அவர் நாய்க் காப்பகத்துக்குக் கொண்டுவருவார் என்று மகள் எதிர்பார்க்கவில்லை.

காப்பகத்து அம்மாள் முதல் நாயைச் சின்ன அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு தரையில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா."

"பேசாத. நான் விழுந்திருக்கேன்."

முதல் நாய் அவர் காதை நக்கியது. இரண்டாவது அவர் வயிற்றின் மேல் ஏறிச் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. மூன்றாவது அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனது. காப்பகத்து அம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்தாள். மானம் போயிற்று என்று ஒரு பக்கம். அந்தத் தரையில் கிடந்தவரை மறுபடி பார்க்காமல் இருக்க முடியவில்லை இன்னொரு பக்கம். அன்று சமையலறையில் இப்படித்தானே கிடந்திருப்பார்?

ஏழாவதாக வந்தது ஒரு பழுப்பு நாய். ஏழு வயது, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. யார் வந்தாலும் போனாலும் வாசலில் உட்கார்ந்து முறைத்துப் பார்ப்பதால் அங்கே அதற்கு மேனேஜர் என்று பெயர். அது அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. முகத்தை மோந்தது. பிறகு நேராகக் கதவுக்குப் போய்க் குரைக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. தோட்டத்திலிருந்து ஆள் ஓடிவந்து கதவைத் திறந்த பிறகுதான் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "எடை?"

"ஆறேகால் கிலோ" என்றாள் காப்பகத்து அம்மாள்.

"என்ன இனம்?" என்று மகள் கேட்டாள், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.

"அது யாருக்கும்மா தெரியும்."

நோட்டை மூடினாள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாயின் மடிந்த காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தெட்டு வருஷத்துல எந்த மேனேஜரையும் நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல" என்றார்.

இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

5

ஆனால் படிவம் இருக்கிறதே.

அந்தக் காப்பகத்தில் ஒரு விதி. எழுபது வயதுக்கு மேற்பட்டவர் நாய் எடுத்தால், "உரிமையாளரால் தொடர்ந்து பராமரிக்க இயலாமல் போகும் நிலையில் நாயை ஏற்றுக்கொள்கிறேன்" என்று இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். மகளால் முடியாது. அவளுடைய சின்ன மகளுக்கு நாய் முடி பட்டாலே மூச்சு இழுக்கும். வேறு யார்?

அவருக்கு ஒரே மகள் என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஒரே பிள்ளை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஒரு மகனும் உண்டு. விமானத்தில் ஒன்பது மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். அவனைக் கதைக்குள் விடாமல் நாலு பகுதி ஓட்டிவிட்டேன். நாய் வளர்க்கலாம் என்ற யோசனையைச் சொன்னதே அவன்தான். அப்பா விழுந்த அன்று அக்கா அழுதுகொண்டே போன் செய்தபோது, "நான் வர்றேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஒரு நாய் வாங்கிக் குடுத்தா என்ன?" என்றான். அதாவது, என்றேன்.

"உன் பேரப் போட்டுட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம்" என்றாள் அக்கா.

"என்னக் கேக்காமலா போடுவ?"

"கேட்டா யோசிப்ப."

"யோசிக்கக் கூடாதா?"

"ஒன்பது வருஷமா யோசிச்சிட்டுத்தானேடா இருக்க."

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) மகன் கையெழுத்துப் போடுகிறான். மேனேஜர் வீட்டுக்கு வருகிறது. சுபம். ஆனால் அந்த வரியை நிதானமாகப் படியுங்கள். "இயலாமல் போகும் நிலை" என்றால் என்ன நிலை? அப்பா இல்லாத ஒரு நாளைக்கு, அவர் இருக்கும்போதே, நான் சம்மதம் எழுதிக் கொடுப்பதா?

(ஆ) போடவில்லை. மேனேஜர் இன்னொரு வாசலில் உட்கார்ந்து முறைக்கிறது. அப்பா வீட்டைப் பூட்டிச் சாவியை டீச்சரிடம் கொடுக்கிறார். இதை எழுதிவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

(இ) மகன் பெட்டியோடு வந்து இறங்கி, மூன்று மாடியும் படியிலேயே ஏறி, கதவைத் தட்டி

இதை முடிக்கவில்லை. செய்யாததை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் இன்று மத்தியானம் அப்பாவே போன் செய்தார்.

"படிவம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா. படிச்சிட்டு இருக்கேன்."

"நாலு பக்கந்தானே."

பேச்சை மாற்ற வேண்டுமே என்று கேட்டேன். "ஏம்ப்பா எட்டு கிலோ? பன்னெண்டு தூக்கினீங்களாமே."

"தூக்கறது எனக்கு. எட்டு உனக்கு." சாதாரணமாகத்தான் சொன்னார். "ப்ளேன் கம்பெனில கேட்டேன். பெட்டியோட சேத்து எட்டு கிலோன்னா உன் காலடியிலயே வச்சுக்கலாமாம். அதுக்கு மேல போனா சாமான் போடற எடத்துல ஏத்திருவாங்களாம். இருட்டுல பயந்துக்கும்."

"அப்பா, அதெல்லாம் எதுக்கு இப்ப"

என் கதையில் பாதியில் நின்ற வாக்கியங்களையெல்லாம் நானாக நிறுத்தினேன். இது தானாக நின்றது.

"இப்ப இல்லடா. எப்பவோ. நாய் ஆறேகால், பெட்டி ஒண்ணேமுக்காலுக்குள்ள வரணும். கடைல விக்கறதெல்லாம் கனம். நானே செஞ்சிடறேன். நீளம் அகலமெல்லாம் சொல்லிட்டாங்க, உயரந்தான் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அடுத்த தடவ வர்றப்ப உன் சீட்டுக்கு அடியில எவ்வளவு எடம் இருக்குன்னு அளந்துட்டு வா."

வைத்துவிட்டார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஒரு பக்கம் படிவம் திறந்திருக்கிறது, இன்னொரு பக்கம் இந்தக் கதை. நடுவில் மேசை இழுப்பறையிலிருந்து தேடி எடுத்த அளவு டேப் ஒன்று. நான் இங்கே கிளம்பி வந்தபோது அவர் கொடுத்தது, ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்காதது. சீட்டுக்கு அடியில் அளக்க வேண்டுமென்றால் முதலில் அந்தச் சீட்டில் போய் உட்கார வேண்டும். இது அவருக்குத் தெரிந்துதான் கேட்டாரா, வெறும் மெக்கானிக் புத்தியில் கேட்டாரா என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள், உங்களுக்காவது புரிந்தால் சொல்லுங்கள். அவர் கேட்டது உயரம் மட்டும்தான். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.